கல்லெறிந்த கையும் பிரசங்க மேடையும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூலி உயர்வு, போனஸ், ஒழுகுகிற லயத்துக் கூரை, ஜாதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பேசுவதற்கென்றே கூடுகிற சங்கம் இது. இந்த மேடையில் கிறிஸ்தவப் போதனையைப் பற்றியும், ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண் ஆகியோரைப் பற்றியும் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பேசத்தான் வேண்டும். ஏனென்றால் நம் குடும்பங்களில் கணிசமானவை கிறிஸ்தவக் குடும்பங்கள். மூணாறு மவுண்ட் கார்மல் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கும் பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்கும் போகிறவர்கள் உண்டு. பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் தமிழ் பேசும் கத்தோலிக்கர் நிறைந்த சுல்தான்பேட்டை மறைமாவட்டமே 2013 டிசம்பரில் தனியாக உருவானது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட சொல், திங்கட்கிழமை லயத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நம் வீட்டிலும் இருக்கலாம்.

செய்தித்தாள்கள் ஓரினச்சேர்க்கை என்று எழுதுவதை இன்று தன்பாலின ஈர்ப்பு என்கிறோம். இது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்படிப்பட்டவர்கள் அடிக்கப்படுகிறார்கள், பூட்டிவைக்கப்படுகிறார்கள், சில இடங்களில் கொல்லப்படுகிறார்கள். அடித்தவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால், "இவனை அடித்தால் தப்பில்லை" என்ற துணிவை அவனுக்குக் கொடுத்தது எது? நான் பேச வந்த கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று, நண்பர்களே. 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களை எண்ணிப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணை உடையப்போகிறது என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அணையைக் கட்டியவர்களும் நாமல்ல, வழக்கு நடத்தியவர்களும் நாமல்ல. ஆனால் இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள் மிரட்டப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் தேனி மாவட்டத்துக்கு ஓடினார்கள். அதே நாட்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. இரண்டு பக்கத்து மேடைப் பேச்சாளர்களையும் கேட்டுப் பாருங்கள். "நான் யாரையும் அடிக்கச் சொல்லவில்லையே" என்பார்கள். உண்மைதான், அவர்கள் சொல்லவில்லை. ஆனால் பயத்தையும் வெறுப்பையும் ஊரில் நிரப்பியவர்கள் யார்?

அட்டப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற ஆதிவாசி இளைஞனை, அரிசி திருடினான் என்று சொல்லிக் கையைக் கட்டி அடித்துக் கொன்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. அடிக்கு முன்னால் ஒரு பட்டம் வந்தது: "திருடன்." அந்தப் பட்டம் ஒட்டிய பிறகு அவன் மனிதன் என்பது கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. "பாவி", "அருவருப்பு", "பிசாசு பிடித்தவன்" என்பவையும் அவ்வகைப் பட்டங்களே.

இனி போதனைக்கு வருவோம். நியாயமாகவே பேசுவோம். லேவியராகமத்திலும், பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய கடிதங்களிலும் இதைக் கண்டிக்கும் வசனங்கள் உண்டு. அவற்றின் பொருள் என்ன என்பதில் கிறிஸ்தவ அறிஞர்களே உலகெங்கும் வேறுபடுகிறார்கள். அந்த வாதத்தைத் தீர்க்கச் சங்க மேடை இடமில்லை. ஆனால் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்தாளும் சோதோம் கதையைப் பற்றி, பிழைப்புத் தேடி வந்த மக்களாகிய நமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

அந்தக் கதையில் நடப்பது என்ன? ஊருக்குப் புதிதாக வந்த இரண்டு பேருக்கு லோத்து தன் வீட்டில் இடம் கொடுக்கிறான். ஊரே திரண்டு வந்து, அவர்களை வெளியே அனுப்பு, பலாத்காரம் செய்யப்போகிறோம் என்று கதவை உடைக்க வருகிறது. தடுத்த லோத்தைப் பார்த்து அந்தக் கூட்டம் என்ன சொல்கிறது? பிழைக்க வந்த அந்நியன் நீ, எங்களுக்கு நியாயம் சொல்கிறாயா என்று கேட்கிறது. இந்தக் கேள்வியை நம்மில் கேட்காதவர் யார்? சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் பட்டியல் போடும்போது கர்வத்தையும், வயிறு நிறைந்த வாழ்வையும், ஏழை எளியவருக்குக் கை கொடுக்காததையும் முதலில் வைக்கிறது. அருவருப்பானவை என்பது அதற்குப் பிறகே வருகிறது. கதவை உடைக்கத் திரண்ட கூட்டத்தின் கதையை எடுத்துக்கொண்டு, இன்று கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன்மேல் கூட்டத்தை ஏவுவது எந்த நியாயம்?

கத்தோலிக்கத் திருச்சபையின் எழுத்துப்பூர்வமான போதனை இரு பக்கமும் பேசுகிறது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், இந்த உறவு இயல்பிலேயே ஒழுங்கற்றது என்கிறது. அதே இடத்தில், இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதி பிரசங்கத்தில் ஒலிக்கும் அளவுக்கு இரண்டாம் பாதி ஒலிக்கிறதா? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதற்கு முன்பு, 1986 அக்டோபர் 1 தேதியிட்டு வத்திக்கானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்திட்டவர் கர்தினால் ராட்சிங்கர். 2005இல் போப் ஆனவர். இவர்கள்மேல் நடக்கும் வன்முறை வருந்தத்தக்கது, எங்கு நடந்தாலும் திருச்சபை மேய்ப்பர்கள் அதைக் கண்டிக்க வேண்டும் என்று அந்தக் கடிதம் தெளிவாகச் சொன்னது. அதோடு நின்றிருந்தால் வரவேற்றிருக்கலாம். ஆனால் அடுத்தாற்போல், இப்படிப்பட்ட நடத்தைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தால், அறிவுக்கு ஒவ்வாத வன்முறை பெருகும்போது யாரும் ஆச்சரியப்படக்கூடாது என்ற கருத்தையும் எழுதியது. இதன் பொருள் என்ன? உரிமை கேட்டதனால்தான் அடி விழுந்தது என்பதே. நாம் கூலி உயர்வு கேட்டு நிற்கும்போது, "கேட்காமல் இருந்திருந்தால் தடியடி நடந்திருக்காதே" என்று சொல்பவர்கள் உண்டல்லவா? அதே நியாயம்தான் இதுவும். அடிபட்டவன் தலையிலேயே பழியைச் சுமத்தும் நியாயம்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டைப் பாருங்கள். 2009இல் அமெரிக்கப் பிரசங்கி ஸ்காட் லைவ்லி கம்பாலா நகருக்கு வந்து, தன்பாலின ஈர்ப்பாளர்கள் குழந்தைகளையும் குடும்பத்தையும் கெடுக்க வந்தவர்கள் என்று கூட்டம் போட்டுப் பேசினார். 2010இல் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை இவர்களின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டு, தூக்கிலிடச் சொன்னது. அதில் படம் வந்தவர்களில் ஒருவர் டேவிட் கட்டோ. 2011 ஜனவரி 26 அன்று வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அந்தப் பத்திரிகைக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்றது போலீஸ். கொன்றவனுக்கு முப்பது ஆண்டு சிறை கிடைத்தது. சரி, தொடர்பு நிரூபணமாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சாவு வீட்டில் நடந்தது என்ன? அடக்கம் செய்ய வந்த போதகர் சவப்பெட்டியின் முன்னாலேயே இவர்களைச் சபித்துப் பேசினார். ஊரார் பெட்டியைத் தூக்க மறுத்தார்கள். நண்பர்கள் தூக்கிச் சென்றார்கள். இவர்களுக்காகப் பரிந்து நின்றதால் சபை ஒதுக்கிவைத்திருந்த கிறிஸ்டபர் செஞ்ஞோஞ்சோ என்ற முதிய பிஷப்தான் வந்து ஜெபித்தார். அவர்கள் இருவரும் கையில் எடுத்தது ஒரே வேதப்புத்தகம்தான். பொறுப்பை எங்கே தேடுவது என்பதற்கு இந்த ஒரு சாவு வீடு போதும்.

இந்தியாவுக்கு வருவோம். இவர்களைக் குற்றவாளிகளாக்கிய 377ஆம் பிரிவு நம் வேதமும் அல்ல, நம் பண்பாடும் அல்ல. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம் அது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியபோது எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸும் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும் இருந்தன. மற்ற மதத்தாரும் இருந்தார்கள்; கிறிஸ்தவர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. 2013 டிசம்பர் 11 அன்று அவர்கள் வென்றார்கள். அப்போது பம்பாய்ப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், கத்தோலிக்கத் திருச்சபை இவர்களைக் குற்றவாளிகளாக ஒருபோதும் கருதவில்லை என்று அறிவித்தார். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றமே தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ், இப்படி இருப்பது குற்றமல்ல என்றும், இதைக் குற்றமாக்கும் சட்டங்களை ஆதரிக்கும் பிஷப்புகள் மனம் மாற வேண்டும் என்றும் சொன்னார். பாவம் என்ற போதனையை அவர் கைவிடவில்லை. ஆனால் பாவம் என்று நம்புவதற்கும், அடி, பூட்டு, சிறைக்கு அனுப்பு என்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு என்பதை ஒத்துக்கொண்டார்.

தாய்மார்களே, நம் பக்கத்தில் இந்த வன்முறை பெரும்பாலும் தெருவில் நடப்பதில்லை. அது வீட்டுக்குள் நடக்கிறது. அடிப்பது, பட்டினி போடுவது, அவசரமாகக் கல்யாணம் முடிப்பது, பிசாசு ஓட்டக் கூட்டிப் போவது, "சிகிச்சை" என்று அடைத்துவைப்பது என்று பல வகை. 2020 மே மாதம் கோவாவில் உயிரை விட்ட கேரளத்து மாணவி ஒருத்தி, அதற்குச் சில வாரம் முன்பு, வீட்டார் தன்னைச் சிகிச்சை மையங்களில் அடைத்து மருந்து கொடுத்ததைத் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். அதன் பிறகே இந்த விவகாரம் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இத்தகைய கட்டாயச் சிகிச்சையைத் தடுக்க நெறிமுறை வகுக்கும்படி 2021 டிசம்பரில் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிச் சிகிச்சை செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் என்று அறிவித்தது.

சென்னையில் நடந்ததையும் சொல்லவேண்டும். மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று அவர் உத்தரவு பிறப்பித்தார்: போலீஸ் இவர்களைத் துன்புறுத்தக்கூடாது, மாற்றுகிறேன் என்று யாரும் "சிகிச்சை" செய்யக்கூடாது. உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. நம் போதகர்களும் பங்குத் தந்தையரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆகவே சபைகளிடம் நாம் கேட்பது அதிகமில்லை. உங்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்க நாங்கள் யார்? பாவம் என்று பிரசங்கித்தால், அதே பிரசங்கத்தில், அதே குரலில், "பிள்ளையை அடிப்பதும், பூட்டுவதும், வீட்டைவிட்டு விரட்டுவதும் பாவம்" என்றும் சொல்லுங்கள். பிசாசு ஓட்டுகிறேன் என்று யாராவது கட்டிவைத்தால் முதலில் தடுப்பவர் நீங்களாக இருங்கள். அடக்கத்துக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். இதைச் செய்யாத மேடை, அடித்தவனின் குற்றத்தில் பங்கில்லை என்று கை கழுவ முடியாது. கை கழுவிய பிலாத்துவின் பெயர் விசுவாசப் பிரமாணத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

நம் குடும்பங்களுக்கும் சில வார்த்தை. லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும். அடி விழும் சத்தம் கேட்டால் "அது அவங்க வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்தாதீர்கள். பதினெட்டு வயது நிறைந்த மகனையோ மகளையோ அடைத்துவைக்கப் பெற்றோருக்கும் உரிமையில்லை. சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இதே காரணத்தால் பிரிக்கப்பட்ட இரண்டு பெண்களைக் கேரள உயர்நீதிமன்றம் 2022 மே 31 அன்று சேர்ந்து வாழ விட்டது. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் தாலுகாக்களில் சட்ட உதவிக் குழுக்கள் இருக்கின்றன. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், தொழிலாளிகளுக்கும் அங்கே வக்கீல் இலவசம். தொலைபேசி எண் 15100. எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சங்க அலுவலகத்துக்கு வந்தாலும் கூட வந்து நிற்போம்.

"பிழைக்க வந்தவன்" என்ற ஒரே காரணத்துக்காகக் கல்லடி பட்ட மக்கள் நாம். இன்னொருவன் மேல் கல் விழும்போது அவன் செய்தது சரியா தவறா என்று விசாரித்துக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை. முதலில் கல்லைப் பிடுங்குவோம். விபசாரம் செய்தாள் என்று கொண்டுவரப்பட்ட பெண்ணின் முன்னால் இயேசு செய்ததும் அதைத்தான்; கூட்டம் கலைந்த பிறகுதான் அவளிடம் பாவத்தைப் பற்றிப் பேசினார். அந்த வரிசையையாவது நம் சபைகள் காப்பாற்றட்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.