இறுகிய கைச்சக்கரம்

மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் வாழும் நம்மவருள் சிலர், பம்பரமும் சொப்பும் கடைவதற்கென்று வீட்டில் சிறியதொரு மரக்கடைசல் லேத் வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று, ஜூன் மாத மழையில் திரும்பினால், அதன் டெயில் ஸ்டாக் சில வேளை இறுகிக் கிடக்கும்.

மரத்தின் பின்முனையைத் தாங்குவது இவ்வுறுப்பு. கைச்சக்கரத்தைத் திருப்பினால் இதனுள் ஓர் எஃகு உருளை முன்னும் பின்னும் நகரும். இறுகிய சக்கரத்தை வலிந்து திருப்புகிறவருக்கு, மரத்தின்மீது விழும் அழுத்தம் கைக்குப் புலப்படாது. அழுத்தம் குறைந்தால், சுழலும் மரம் தெறித்து முகத்தில் பாயக்கூடும். மிகுந்தால் மெல்லிய மரம் வளைந்துவிடும்.

முதலில் மின் இணைப்பை நீக்கிவிட வேண்டும். பின்பு பூட்டுத் திருகைத் தளர்த்திப் பார்க்கலாம்; குறை அதனோடு தீர்வதும் உண்டு. தீராவிடில் உருளையைக் கழற்ற வேண்டும். எண்ணெயும் மரத்தூளும் குழைந்து பசையாக அப்பியிருந்தால், மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் உருளையையும் துளையையும் துடைத்து உலர்த்துவது போதும். பூட்டுத் திருகின் நுனி அழுந்தி, உருளையில் பிசிறு எழுந்திருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். அதை மட்டும் எண்ணெய்க்கல்லால் தேய்க்கலாம். துளையை உப்புத்தாளால் தேய்ப்பது தகாது. துளை அகன்றால் முனை ஆடும்.

மெல்லிய எண்ணெய் இரண்டு துளி போதும். கிரீஸ் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊருக்குப் புறப்படுமுன் இவ்வாறு துடைத்து எண்ணெயிட்டுச் சென்றால், திரும்பி வரும் நாளில் சக்கரம் இரு விரலுக்கு இணங்கும்.