ஓடும் ஆலைக்குள் இடிக்கும் வேலை

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை, வர முடியாமல் போனவர்களும் படிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசினோம். இன்று, அந்தக் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு முழு உடம்போடு வீடு திரும்புவதைப் பற்றிப் பேசுவோம்.

இந்த மும்பை நகரத்தைக் கட்டியவர்கள் நாம் என்று மேடைதோறும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் இந்த நகரத்தை இடித்துக்கொண்டிருப்பவர்களும் நாம்தான். 1982 ஜனவரி 18-ஆம் தேதி பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் மூடிய ஆலைகள் பல. மீண்டும் திறக்காமலே போன ஆலைகளும் பல. பரேல், லோயர் பரேல் பக்கம் புகைபோக்கி நின்ற இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடமும் கடைத்தொகுதியும் நிற்கின்றன. நடுவே ஒரு வேலை நடந்திருக்க வேண்டுமல்லவா? சுவரைப் பெயர்த்தது யார்? கூரையிலே ஏறி ஷீட்டைக் கழற்றியது யார்? காலையில் நாக்காவில் நின்று, முகாதம் கை காட்டிய டெம்போவில் ஏறிப் போனவர்கள்தான்.

காலியான கட்டடத்தை இடிப்பது ஒரு வகை. ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையில் ஒரு ஷெட்டை மட்டும் இடிப்பது, வியாபாரம் நடக்கும் கடைத்தொகுதியில் ஒரு பகுதியை மட்டும் பெயர்ப்பது வேறு வகை. இந்தப் பக்கம் கடப்பாரை, அந்தப் பக்கம் மெஷின். இந்தப் பக்கம் சம்மட்டி, அந்தப் பக்கம் பிள்ளையைக் கையில் பிடித்துச் சாமான் வாங்கும் தாய். உற்பத்தியையோ வியாபாரத்தையோ ஒரு நாள் நிறுத்த முதலாளிக்கு மனமில்லை. அந்த மனமில்லாமைக்கு விலை கொடுப்பது யார் என்பதே இன்றைய பேச்சு.

பங்கார் கணக்கு

முதலில் பணத்தைப் பாருங்கள். கட்டுகிற காண்ட்ராக்டருக்கு உரிமையாளர் பணம் கொடுக்கிறார். இடிக்கிற காண்ட்ராக்டரோ பல இடங்களில் உரிமையாளருக்கே பணம் கொடுத்து வேலையை எடுக்கிறார். ஏன்? உள்ளே இருக்கும் இரும்பு, தேக்கு உத்திரம், செம்புக் கம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் அவருக்குச் சொந்தம். பங்கார் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். ஆகவே எது விலை போகுமோ அதை முதலில் உருவச் சொல்கிறார்.

விலை போகும் பொருள் எது? கட்டடத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும் பொருள்தான்! உத்திரத்தை உருவிவிட்டால் சுவர் தனியாக நிற்கும். நாலு மாடி உயரச் சுவருக்கு இடுப்பிலே பிடி இல்லை என்றால், ஒரு காற்றுக்கோ ஒரு லாரியின் அதிர்வுக்கோ அது என்ன செய்யும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், 2013 ஜூன் 5-ஆம் தேதி, இடிபட்டுக்கொண்டிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் சுவர் பக்கத்துக் கடைமேல் சாய்ந்தது. அது ஏழை மக்கள் பழைய துணி வாங்கும் தருமக் கடை. இடிப்பு நடந்த நேரமெல்லாம் அந்தக் கடை திறந்தே இருந்தது. ஆறு பேர் அன்றைக்கே மாண்டார்கள். இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்ட இன்னொருவர் சில வாரங்களில் இறந்தார். ஏழு உயிர்! விற்பதற்காக உத்திரக் கட்டைகளை முதலில் உருவிவிட்டு, சுவரைப் பிடிப்பில்லாமல் விட்டுவைத்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. இடிப்புக் காண்ட்ராக்டருக்கு 2016-ல் 15 முதல் 30 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது. சுவர் சாயும் ஆபத்து பற்றி இரு தரப்பு உரிமையாளர்களுக்கும் இடையே முன்பே எழுத்துப் போக்குவரத்து நடந்திருந்தது. எழுதிக்கொண்டார்கள், கடையை மூடவில்லை.

ஆகவே முதல் விதி இது: கட்டியது எந்த வரிசையோ அதற்கு நேர்மாறான வரிசையில் இடிக்க வேண்டும். மேலிருந்து கீழே, மாடி மாடியாக. சுவரை அடியில் குடைந்து சாய்க்கக் கூடாது. உத்திரத்தை எடுக்குமுன் அது பிடித்திருக்கும் சுவரை இறக்க வேண்டும், அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். எந்தச் சுவர் சுமை தாங்கும் சுவர், எது வெறும் தடுப்பு என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்து எழுதித் தர வேண்டும். முகாதம் தட்டிப் பார்த்துச் சொல்வது கணக்காகாது.

இன்னொன்று, இடிபாட்டை மாடியிலே குவிக்கக் கூடாது. குடியிருப்பு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில் கட்டுவார்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குச் செங்கல் இடிபாடு குவிந்தால், சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் ஏறுகிறது. ஐந்து மடங்கு! அதன்மேல் சின்ன மெஷினையும் ஏற்றி நிறுத்தினால், நாம் நிற்பது தளத்தின் மேலா, பொறியின் மேலா?

ஓடும் இடத்தில் கேட்க வேண்டியவை

மின்சாரம். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு" என்பார்கள். யார் அணைத்தது? எந்த மெயின்? ஓடும் ஆலையில் ஒரு ஷெட்டுக்கு இரண்டு மூன்று வழியாகக் கரண்ட் வரும். பக்கத்து ஷெட்டுக்குப் போகும் கேபிளும் நாம் உடைக்கும் சுவருக்குள்ளேயே ஓடும். ஜெனரேட்டர் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் சுவிட்சை அணைத்தால் போதாது. அதற்குப் பூட்டுப் போட வேண்டும், யார் வேலை செய்கிறார் என்று சீட்டுக் கட்ட வேண்டும், சாவி வேலை செய்பவர் பையில் இருக்க வேண்டும். பிறகு டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, இடிக்கும் பகுதிக்கு வரும் கேபிளையே வெளியே துண்டித்துப் பிரித்துவிடுவது. நமக்கு வேண்டிய விளக்குக்கும் பிரேக்கருக்கும் வெளியிலிருந்து தனி லைன் இழுக்கட்டும்.

குழாயும் டாங்கியும். செம்பூர், டிராம்பே, தானே, பேலாப்பூர் பக்கம் ரசாயன ஆலைகளுக்குப் போகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கி பொல்லாதது. திரவம் போனாலும் ஆவி உள்ளே நிற்கும். காற்றோடு சேர்ந்த ஆவிக்கு கேஸ் கட்டிங்கின் ஒரு பொறி போதும். வால்வை மூடியதை நம்பக் கூடாது, வால்வு கசியும். குழாயைக் கழற்றி இடைவெளி விட வேண்டும், அல்லது இணைப்பில் தடுப்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். டாங்கியைக் கழுவிக் காற்றோட்டம் விட்டு, மீட்டர் வைத்து அளந்த பிறகே தீ. உள்ளே இறங்குவதானால் பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் பாசத்தால் குதிக்கிறார், மூன்றாமவர் அவரைத் தேடிப் போகிறார். டாங்கிச் சாவுகளில் பல இப்படித்தான் ஒன்று மூன்றாகின்றன. கயிறும் மூச்சுக் கருவியும் இல்லாமல் அண்ணனுக்காகத் தம்பிகூட இறங்கக் கூடாது. கல்நெஞ்சத்தால் சொல்லவில்லை, ஒரு வீட்டில் இரண்டு பிணம் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

தீ. வெட்டும் பொறி கீழே பஞ்சிலும் அட்டைப் பெட்டியிலும் விழுந்து உள்ளுக்குள் கனியும். நாம் கை கழுவிப் போன பிறகு பற்றும். வேலை முடிந்தும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம், ஒருவர் தண்ணீரோடும் தீயணைப்பானோடும் காவல் நிற்க வேண்டும். ஆலையின் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயைப் பங்காராக நினைத்து வெட்டிவிடாதீர்கள். கடைசி ஷெட் போகும் வரை அதில் தண்ணீர் இருக்க வேண்டும்.

சுற்றியிருப்பவர்கள். கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுவது வேலி ஆகாது. சுவர் விழுந்தால் எவ்வளவு தூரம் போகுமோ அதற்கு அப்பால் தகரத் தடுப்பு வேண்டும். அதற்குள் வேலைக்காரரைத் தவிர எவரும் வரக் கூடாது. மானேஜரும் வரக் கூடாது. லாரிக்கு ஒரு வாசல், மனிதருக்கு ஒரு வாசல். பக்கத்துக் கடையின் அவசர வழியை இடிபாடு அடைக்கக் கூடாது. போக்லேன் பின்னால் நகரும்போது கை காட்ட ஒரே ஆள்; நாலு பேர் கத்தினால் ஓட்டுநர் யார் சொல்லைக் கேட்பார்?

கூரை ஷீட்டும் வீட்டுத் துணியும்

இப்போது தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். பழைய ஷெட்டுகளின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டு வகையில் கொல்லும். ஒன்று உடனே கொல்வது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து வயதான ஷீட், மனிதன் எடை தாங்காது. வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டும் அழுக்கேறி அதே நிறத்தில் கிடக்கும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. கீழே மேடை அமைத்து அடியிலிருந்து கழற்றுவது நல்லது. மேலே போயே ஆக வேண்டுமென்றால் பர்லின்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, கீழே வலை கட்டி, பெல்ட்டை உறுதியான இடத்தில் மாட்டி நடக்க வேண்டும்.

மற்றது மெதுவாகக் கொல்வது. ஷீட் உடைந்தால் பறக்கும் நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் தங்கிவிட்டால் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். அதற்குள் காண்ட்ராக்டர் எங்கே, நாம் எங்கே? ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுதாக இறக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். உலர்ந்த தூளைப் பெருக்கக் கூடாது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த நாரைத் தடுக்காது; அதற்கென்றுள்ள முகமூடி வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவியருக்கே இந்த நோய் வந்த கதை பல நாடுகளின் மருத்துவ ஏடுகளில் உண்டு. ஆகவே வேலைத் துணியை வேலை இடத்திலேயே மாற்றிக் குளித்து வரச் சொல்லுங்கள். அந்த உடையோடு பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று உடைந்த ஷீட்டை வாங்கி வந்து அறுத்து நம் குடிசைக்குப் போடாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பதிவேடு. அந்த ஷீட்டை உடைக்கும் நாக்காக் கூலிக்கு? ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நிறுத்த முடியுமா?

"வேலையை நிறுத்த முடியாது, நஷ்டம்" என்கிறார்கள். முடியும் தோழர்களே! 2022 நவம்பரில், சி.எஸ்.எம்.டி.க்கும் மஸ்ஜித் பந்தருக்கும் இடையே 150 ஆண்டுக்கு மேற்பட்ட கர்னாக் பாலத்தைப் பிரிக்க, மத்திய ரயில்வே 27 மணி நேரத் தடை அறிவித்து வண்டிகளை நிறுத்தியது. இந்த நகரத்தின் உயிர்நாடியான லோக்கலையே நிறுத்த முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல் நொய்டாவில் இரட்டைக் கோபுரங்களை 3,700 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது, அக்கம்பக்க வீடுகளிலிருந்து சுமார் 5,000 பேரை வெளியேற்றினார்கள். ஒன்பது மீட்டர் தூரத்தில் குடியிருப்புக் கட்டடம் நின்றது. ஓர் உயிரும் போகவில்லை. வளர்ப்பு நாய்களைக்கூடப் பத்திரமாக அழைத்துப் போனார்கள். நல்லதுதான். அந்தக் கவனத்தில் கால்வாசி, ஷெட்டுக்குள் சம்மட்டி பிடிப்பவனுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

சட்டமும் சங்கமும்

சட்டம் இல்லாமல் இல்லை. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் இடிப்பையும் கட்டட வேலையாகவே எண்ணியது. அதன் 1998 விதிகளில் இடிப்புக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது: தண்ணீர், நீராவி, மின்சாரம், கேஸ் லைன்களை முன்னதாக அடைக்க வேண்டும், பக்கத்துக் கட்டடத்தைச் சோதிக்க வேண்டும், தகுதியுள்ளவர் மேற்பார்க்க வேண்டும் என்று. ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தர விதியும் இடிப்புப் பாதுகாப்புக்காகவே எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து, பழைய சட்டம் அவற்றுள் அடங்கிவிட்டது. இவற்றின்மேல் தொழிற்சங்கங்களுக்குக் கடுமையான கண்டனங்கள் உண்டு. ஆனாலும் கையில் கிடைத்த ஆயுதத்தைக் கீழே போட வேண்டாம். பணிப் பாதுகாப்புத் தொகுப்பில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அஞ்சினால் முதலாளியிடம் முறையிடும் உரிமையும் இருக்கிறது. அவர் ஒப்பவில்லை என்றால் விஷயம் ஆய்வாளரிடம் போக வேண்டும்.

இந்த உரிமையைத் தனி ஆளாகக் கேட்டால் மறுநாள் டெம்போவில் இடமில்லை. பத்துப் பேராகக் கேட்டால் முகாதம் யோசிப்பான். நாக்கா முழுவதும் கேட்டால் சேட்டே வந்து பேசுவார்.

ஆகவே சங்கம் மூன்று வேலைகளை உங்கள்முன் வைக்கிறது. ஒன்று, 18 முதல் 60 வயதுக்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர்கள் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வேண்டும். மனு எழுதித் தர நம் தோழர்கள் ஞாயிறுதோறும் இங்கே இருப்பார்கள். இரண்டு, வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். இன்று எந்த இடம், எந்தக் காண்ட்ராக்டர், என்ன வேலை என்று படிக்கும் பிள்ளை தினமும் இரண்டு வரி எழுதட்டும். விபத்து என்று வரும்போது "இவன் எங்கள் ஆளே இல்லை" என்ற பொய்க்கு அந்த நோட்டே பதில். மூன்று, டெம்போவில் ஏறுமுன் நாலு கேள்வி: கரண்ட்டைத் துண்டித்தாயிற்றா? டாங்கியில் என்ன இருந்தது? கூரை என்ன ஷீட்? எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது? பதில் தெரியாத முகாதத்தின் வண்டியில் ஒருவரும் ஏறுவதில்லை என்று ஒவ்வொரு நாக்காவும் கூடி முடிவெடுக்க வேண்டும்.

ஊரிலே நிலமில்லாமலும் வேலையில்லாமலும் இங்கே வந்தோம். இன்னொருவன் கட்டடத்தின் அடியில் கிடப்பதற்காக வரவில்லை. அடுத்த ஞாயிறு, ஒவ்வொரு நாக்காவிலிருந்தும் இரண்டு பேர் முடிவோடு வாருங்கள்.