ஆடும் மயிலுக்குப் போர்வையா?
குளிர்நாட்டில் ஓடுவோரின் உடையும் நம் சொல்வளமும்



மொழி வளர்க்கும் மன்றத்தின் மேடையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அம்மரபிலிருந்து விலகியதுபோல் தோன்றலாம். நீர் உறையும் குளிரில், திறந்த வெளியில் ஓடுவோர் எவ்வாறு உடை உடுத்த வேண்டும் என்பதே அப்பொருள். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் பினாங்குத் தீவில் இப்பேச்சுக்கு என்ன தேவை என்று கேட்பீர்கள்.

தேவை இரண்டு. நம் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காகக் குளிர்நாடுகளுக்குச் செல்கின்றனர். இங்கே பள்ளித் திடலில் ஓடிப் பழகிய கால்கள் அங்கேயும் ஓட விரும்புகின்றன. இது முதல் தேவை. அவர்கள் தம் முதற்குளிரைப் பற்றி வீட்டாரோடு பேசும்போது அப்பேச்சு தமிழில் நடக்க வேண்டும். அதற்குரிய சொற்கள் நம்மிடம் தெளிவாக இருக்க வேண்டும். இது இரண்டாவது தேவை. ஒன்று உடலைக் காப்பது. மற்றொன்று மொழியைக் காப்பது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையே இவ்வுரையில் காட்ட விழைகிறோம்.

வெயில்நிலத்துப் பழக்கம்

நாம் ஓடக் கற்றது வெயிலில். தண்ணீர்மலை அடிவாரத்தில், 1884ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பூந்தோட்டத்தில் ஓடுவோர், கதிரவன் எழுமுன் வந்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகின்றனர். பினாங்குப் பாலத்தின்மீது நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டம் விடியுமுன்பே இருளில் தொடங்குவதற்கும் வெப்பமே காரணம். மெல்லிய சட்டை, குறைந்த உடை, நிறைந்த தண்ணீர் என்பனவே நம் ஓட்டக்காரர் அறிந்த இலக்கணம்.

இத்தீவில் குளிர் என்று நாம் சொல்வது பினாங்குக் கொடிமலையின் குளிர். அம்மலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 833 மீட்டர் உயரமுடையது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே கொடிமலையில் நாம் உணர்வது கீழ்நிலத்தைவிட ஏறக்குறைய 5 பாகை குறைவான வெப்பமே. அங்கே தோளில் ஒரு மெல்லிய போர்வை போதும். பனிக்கட்டியோ நமக்கு ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் மட்டுமே அறிமுகம்.

எனினும் கடுங்குளிர் தமிழருக்கு எட்டாத ஒன்றன்று. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதலில் அடைந்த மலேசியர் இருவரும், எம். மகேந்திரன், என். மோகன்தாஸ் என்னும் நம்மவர். கனடாவில் வாழும் தமிழர் தம் மரபுத் திங்களாகக் கொண்டாடுவது சனவரி மாதம். அந்நாட்டு நாடாளுமன்ற மக்களவை 2016இல் அதை ஏற்றது. பொங்கல் அம்மாதத்தில் வருவதால் அத்தேர்வு பொருத்தமானது. ஆனால் அந்நாட்டில் குளிர் மிகக் கடுமையாக இருப்பதும் அதே மாதத்தில்தான். இந்தியாவின் லடாக் பகுதியில், உறைந்துபோன பாங்கோங் ஏரியின் மேல் 2023 பிப்ரவரியில் 21 கிலோமீட்டர் ஓட்டப் போட்டியே நடந்தது. வெப்பநாட்டில் பிறந்த உடலும் உரிய ஆயத்தத்தோடு குளிரில் இயங்க வல்லது. அந்த ஆயத்தத்தின் பெரும்பகுதி உடையில் இருக்கிறது.

பேகனும் மயிலும்

குளிருக்கு உடை என்றவுடன் தமிழறிந்தோர் நெஞ்சில் தோன்றுபவன் வள்ளல் பேகன். தோகை விரித்து நின்ற மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்டுவரும் செய்தி. சிறுபாணாற்றுப்படை அவனை இக்கொடைக்காகவே நினைவுகூர்கிறது. அவன் அருள் உள்ளத்தின் பெருமை குறையாதது. ஆனால் ஓட்டக்காரரின் கண்கொண்டு பார்த்தால் ஒரு வினா எழுகிறது: ஆடுகின்ற மயிலுக்குப் போர்வை தேவையா?

இயங்கும் உடல் தானே ஓர் அடுப்பு. நாம் ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அசைவாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. நிற்கும்போது நடுங்கிய அதே ஆள், பத்து நிமிடம் ஓடியபின் வியர்க்கிறார். மயிலுக்கும் அதன் இறகே போர்வை. இறகுகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை வெளியேற விடாது காக்கிறது. பறவை இறகை உள்ளே நிரப்பிய குளிராடைகள் இன்று விற்பனைக்கு வருவதும் இக்காரணத்தால்தான்.

ஆகவே வெப்பநாட்டிலிருந்து செல்லும் மாணவர் முதலில் செய்யும் பிழை, குறைவாக உடுத்துவதன்று, மிகுதியாக உடுத்துவது. வீட்டில் அம்மா தொலைபேசியில், "நன்றாகப் போர்த்திக்கொள் கண்ணு, இன்னும் ஒன்று மாட்டிக்கொள்" என்கிறார். அன்பில் அவரும் பேகனே. பிள்ளை அவ்வாறே தடித்த குளிராடையோடு ஓடுகிறது, உள்ளே வியர்வை பெருகுகிறது, சட்டை நனைகிறது. ஓட்டம் நின்றவுடன், அல்லது கால் பிசகி நடக்க நேர்ந்தவுடன், அந்த ஈரம் பகையாகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். உடல் சேர்த்த வெப்பமெல்லாம் நனைந்த துணிவழியே வெளியேறிவிடும்.

இதனால் குளிர்நாட்டு ஓட்டக்காரர் ஓர் எளிய விதியைப் பின்பற்றுகின்றனர். வெளியே உள்ள வெப்பநிலையைவிட ஏறத்தாழ 10 பாகை கூடுதலாக இருப்பதாக எண்ணிக்கொண்டு உடுத்துவது அது. வாசலில் நிற்கும்போது சற்றே குளிர வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் உடை மிகுதி என்பது பொருள்.

மூன்று அடுக்கு

தமிழில் உடைக்குரிய வினைகள் பல. இடையில் சுற்றுவதை உடுத்தல் என்றும், தோளை மூடுவதைப் போர்த்தல் என்றும், தலையில் வைப்பதைச் சூடுதல் என்றும், கைகளை நுழைத்து இடுவதை மாட்டுதல் என்றும், காலில் இடுவதைத் தொடுதல் என்றும் வகுத்தோம். செருப்புக்குத் தொடுதோல் என்ற பழம்பெயரும் அதனால் வந்தது. இவ்வளவு நுட்பமாக வகுத்த மொழிக்குக் குளிராடையின் அடுக்குகளைப் பெயரிடுவது கடினமன்று. உள்ளடுக்கு, நடுவடுக்கு, மேலடுக்கு என்று அவற்றை அழைப்போம்.

உள்ளடுக்கு உடலை ஒட்டியிருப்பது. வியர்வையைத் தோலிலிருந்து அகற்றி வெளிப்புறம் கடத்துவதே அதன் வேலை. இங்கேதான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றும். பருத்தி நமக்கு உற்ற துணி. வெயிலில் அது வியர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தருகிறது. அந்தப் பண்பே குளிரில் கேடாகிறது. நனைந்த பருத்தி எளிதில் உலராது. உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை இழக்கச் செய்யும். எனவே உள்ளடுக்குக்குப் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையோ மெல்லிய கம்பளியோ ஏற்றது. கம்பளி சிறிது ஈரப்பட்டாலும் வெப்பத்தைப் பெரிதும் காக்கும்.

நடுவடுக்கு காற்றைச் சிறைப்படுத்துவது. அசையாத காற்றே சிறந்த போர்வை. துணி அதற்குக் கூடு மட்டுமே. உறைநிலையை ஒட்டிய குளிரில் ஓடுவோருக்கு இவ்வடுக்கு பெரும்பாலும் தேவைப்படாது. அதற்கும் கீழே வெகுவாக இறங்கும்போது மெல்லியதாக ஒன்று போதும்.

மேலடுக்கு காற்றையும் மழையையும் தடுப்பது. அது மெல்லியதாக இருக்கலாம். ஆனால் உள்ளிருந்து வரும் நீராவி வெளியேற வழிவிட வேண்டும். கழுத்தருகே ஜிப் இருந்தால் வெப்பம் மிகும்போது திறந்து விடலாம். ஒரே தடித்த ஆடையைவிட மெல்லிய அடுக்குகள் சிறந்தவை என்பதற்குக் காரணமும் இதுவே: அடுக்கைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒற்றை ஆடையில் அது இயலாது.

வாடையின் கணக்கு

வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு வாடை என்று பெயரிட்டு, அப்பெயரையே ஒரு பாட்டின் தலைப்பில் வைத்தவர் நம் முன்னோர். நெடுநல்வாடையில் நக்கீரர், குளிரில் நடுங்கித் தீயில் கைகாயும் கோவலரைக் காட்டுகிறார். குளிரைக் கடுமையாக்குவது காற்று என்ற அறிவு நமக்குப் புதிதன்று. அறிவியல் அதற்கு அளவு கண்டது. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்னும் ஆய்வாளர் இருவர், குடுவையில் இட்ட நீர் காற்றில் எவ்வளவு விரைவாக உறைகிறது என்று அளந்து, 1945இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்கணக்கைத் திருத்தி அமைத்த புதிய வாய்பாட்டைக் கனடாவும் அமெரிக்காவும் 2001இல் ஏற்றன.

அதன்படி, வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 10 பாகையாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோல் உணர்வது உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக் குளிராகும். இக்காற்றுக் குளிரளவு உறைநிலைக்குக் கீழ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்து உடுத்துவது போதாது. வாடையையும் பார்க்க வேண்டும். பழகிய ஓட்டக்காரர் செல்லும்போது காற்றை எதிர்த்தும், திரும்பும்போது காற்று முதுகில் படுமாறும் வழியை அமைத்துக்கொள்வர். வியர்த்த உடலோடு வாடையை எதிர்கொள்ளக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

முனைகளைக் காத்தல்

குளிரில் உடல் தன் நடுப்பகுதியைக் காக்க, கைவிரல், கால்விரல், காது, மூக்கு ஆகிய முனைகளுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகிறது. எனவே முதலில் உறைபவை முனைகளே. உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போய்விடும் என்று சொல்வது சரியன்று. தலை உடற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஆயினும் காதை மூடும் தொப்பி இன்றியமையாதது. விரல்கள் தனித்தனியே அமைந்த கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை கூடுதல் வெப்பம் தரும். காலணியை இறுகக் கட்டினால் குருதியோட்டம் குறையும். இழுப்பு நோய் உடையோர் வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், உள்ளே செல்லும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். குளிர்காலத்தில் பகல் குறுகிவிடுவதால், ஒளியை எதிரொளிக்கும் பட்டையும் உடையின் ஒரு பகுதியாகிறது.

இரண்டு அறிகுறிகளை மாணவர் மனத்தில் பதிக்க வேண்டும். தோல் வெளுத்து உணர்ச்சி அற்றுப்போனால் அது உறைவுக் காயத்தின் தொடக்கம். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. உள்ளே சென்று வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். நடுக்கம் மிகுந்து, பேச்சு குழறி, கைகள் சொன்னபடி கேளாமற்போனால் உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்குகிறது என்று கொள்ள வேண்டும். உடனே மருத்துவ உதவி தேவை. ஓட்டம் முடிந்ததும் நனைந்த உடையைக் களைந்து உலர்ந்த உடைக்கு மாறுவது, நாட்டம் இருந்தால் செய்யும் செயலன்று. ஓட்டத்தின் கடைசிப் படி.

'பனி' என்னும் ஒரு சொல்

நிறைவாக மொழிக்கு வருவோம். கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆண்டில் பாதியைக் குளிரின் பெயராலேயே பகுத்தது தமிழ். பருவங்களை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த நாம், புல்லில் நிற்கும் துளிக்கும், கண்ணை மறைக்கும் புகைபோன்ற மூட்டத்திற்கும், வானிலிருந்து விழும் வெண்துகளுக்கும், தரையில் இறுகிய கட்டிக்கும் இன்று பனி என்னும் ஒரே சொல்லையே வழங்குகிறோம். நம் நிலத்தில் அது போதுமாயிருந்தது. குளிர்நாட்டில் அது போதாது. "வெளியே பனி" என்று பிள்ளை சொன்னால் தாய் என்ன புரிந்துகொள்வார்? மூட்டமானால் ஒளிப்பட்டை வேண்டும். விழுகின்ற துகளானால் மேலடுக்கு வேண்டும். சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்த கட்டியானால், அன்று ஓடாமல் இருப்பதே அறிவுடைமை. சொல் மாறினால் உடை மாறுகிறது. சில வேளை உயிரே அதைப் பொறுத்திருக்கிறது.

பனித்துளி, மூடுபனி, வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி என்னும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. புதிதாக ஆக்க வேண்டியது சிறிது. இருப்பதைப் பிரித்து வழங்க வேண்டியதே பெரிது. ஆசிரியப் பெருமக்களை வேண்டுவது இதுதான்: பெரும்பொழுதுகளைக் கற்பிக்கும் நாளில், இச்சொற்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். குளிர்நாட்டில் பயிலும் முன்னாள் மாணவர் ஒருவரிடம், அங்குள்ள குளிரைத் தமிழில் எழுதியனுப்பச் சொல்லி வகுப்பில் படியுங்கள். எங்கே அவருக்குச் சொல் கிடைக்கவில்லையோ அங்கே நம் வேலை இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை வெண்பனி மூடிய தெருவில் ஓடுவீர்கள். தாயின் சொல் அன்புடையது, அதைத் தட்டாதீர்கள். ஆனால் ஓடும்போது மூன்று மெல்லிய அடுக்கு போதும், ஓடி முடித்தபின் போர்த்திக்கொள்கிறேன் என்று அவருக்குத் தமிழில் விளக்குங்கள். அவர் புரிந்துகொள்வார். அந்த உரையாடல் தமிழில் நடக்கும் வரை, எவ்வளவு தொலைவு சென்றாலும் நீங்கள் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் அல்லர்.