படத்தின் பின்புறம்



தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்து நாம் கூடியிருக்கும் மும்பைச் சுனாபட்டியின் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். இன்று இங்கே காளவாய் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கதை நேர்மாறு. படம் இருக்கிறது, அதில் நிற்பவர் யாரென்று சொல்லத்தான் ஆள் இல்லை.

தாராவி என்றதும் தமிழ்நாட்டில் பலர் மனத்தில் வருவது 1987இல் வந்த 'நாயகன்' படத்துச் சந்துகள். அந்தத் தாராவி, சென்னை ஸ்டூடியோவில் தோட்டா தரணி எழுப்பிய செட். தேசிய விருது பெற்ற அந்தக் கலையை வணங்குகிறேன். ஆனால் நம் தெருவின் நினைவே பிறர் கட்டிய செட்டாக இருப்பது எனக்கு உறுத்துகிறது. இணையத்தில் தாராவி என்று தேடினால் தகரக் கூரையும் சாக்கடையும் வரிசை கட்டி நிற்கின்றன. தொண்ணூறடி ரோட்டில் பொங்கலன்று பொங்கிய பானைகளும், ஸ்டூடியோத் திரைக்கு முன் மாலையோடு நின்ற புதுத் தம்பதியரும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறார்கள். தேடினால் கிடைக்காத வாழ்க்கையை, வாழவே இல்லை என்று நாளைய பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் இருப்பவையும் பத்திரமில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தண்ணீர் புகுந்த வீடுகளில் ஆல்பங்கள் ஊறி ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகங்கள் கையோடு வந்தன. இப்போது தாராவி மறுசீரமைப்பு. வீடு மாறும்போது முதலில் கழிவது பரண் சாமான்தானே?

இப்படிக் கழிவதைக் காத்தவர்களும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு திருமண அழைப்பிதழ், சினிமா நோட்டீஸ் என்று மற்றவர் எறிவதையும் சேர்த்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இதே மும்பையில் 2010இல் அனுஷா யாதவ் 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' தொடங்கினார். குடும்பப் படம் ஒன்று, அதன் கதை ஒன்று: இவ்வளவுதான் அதன் அமைப்பு. கதை சேர்ந்ததும் ஒரு வீட்டுப் படம் நாட்டின் வரலாறாகிவிடுகிறது.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் வீட்டுக்குப் பத்துப் படம் சேர்ப்போம். ஸ்கேன் எடுப்பதை இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். முன்புறத்தோடு பின்புறத்தையும் எடுக்கட்டும். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பிரதிகள் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். எடுத்தபின் அசலை எறிய வேண்டாம். படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் பொதுவில் வைக்கவும் வேண்டாம்.

பெயரையும் ஊரையும் தமிழில் எழுதுங்கள். அதை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்யாது. என் தந்தை வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த படத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். மூவரைத் தெரியும். மற்ற இருவரை அவர் இருந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து ஆச்சியின் பக்கத்தில் உட்காருங்கள். "இது யாரு ஆச்சி?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைப் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதிவிடுங்கள்.