வீடும் பேருந்தும் ஒரே கணக்கில்

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது சென்னையின் இரண்டு பழைய சிக்கல்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கிடைப்பது ஒன்று. அவர்கள் வேலைக்குப் போய்வருவது மற்றொன்று. அரசு இவற்றை இரண்டு துறைகளில், இரண்டு கோப்புகளில், இரண்டு நிதி ஒதுக்கீடுகளில் வைத்திருக்கிறது. குடும்பத்துக்கோ வருமானம் ஒன்றுதான். வாடகையும் பயணச் செலவும் அந்த ஒன்றிலிருந்தே போக வேண்டும். எனவே ஒரு வீடு மலிவானதா என்பதை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அங்கிருந்து வேலைக்குப் போய்வர ஆகும் பணத்தையும் நேரத்தையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிக் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் வீடுகளில் பல மலிவானவை அல்ல என்பது விளங்கும். இதுதான் என் வாதம்.

முதலில் நாடு தழுவிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறையாக இருப்பதாக 2012-இல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டது. அந்தப் பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றில் முதலீடாக வாங்கிப் போட்டவை உண்டு. வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயத்தில் பூட்டியவையும் உண்டு. இந்த விளக்கம் தனியார் வீடுகளுக்குப் பொருந்தும். அரசே ஏழைகளுக்கென்று கட்டிய வீடுகளுக்கு இது பொருந்துமா? முந்தைய நகர்ப்புறத் திட்டங்களில் அரசுப் பணத்தில் கட்டப்பட்டு ஆளில்லாமல் கிடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாடகைக் குடியிருப்புகளாக மாற்ற 2020-இல் மத்திய அரசு தனித் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்தும் ஆள் வராத வீட்டில் ஏதோ பெரிய குறை இருக்க வேண்டும். அது பெரும்பாலும் இருக்கும் இடத்தின் குறை.

சென்னையின் கதை இதைத் துலக்கமாகக் காட்டும். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. வாரியம் முதலில் கட்டிய அடுக்குமாடிகள் பலவும் குடிசைகள் இருந்த இடத்திலேயே, நகரத்தின் நடுவிலேயே எழுந்தன. அவற்றின் தரத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் அங்கே குடியேறிய மீனவரின் கடலும், மூட்டை தூக்குபவரின் சந்தையும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் தெருவும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போக்கு மாறியது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டன. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்கள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள். 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறியபோது அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே நகரத்தின் விளிம்பில் இருந்தன.

அந்தத் தூரம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண் போகவர நாளுக்கு மூன்று மணி நேரம் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளுக்கு அது 75 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகச் சொன்னால் ஒன்பது நாளுக்கும் மேல். அந்த ஒன்பது நாளுக்குக் கூலி கிடையாது. வீட்டு வேலையோ காலை ஆறரைக்கும் ஏழுக்கும் தொடங்குவது. பேருந்து கால் மணி நேரம் தாமதமானால் நான்கில் ஒரு வீடு கைவிட்டுப் போகும். இதனால்தான் மறுகுடியமர்வுப் பகுதிகளை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள்: முதலில் வேலையை இழப்பவர்கள் பெண்கள், அடுத்துப் படிப்பை நிறுத்துபவர்கள் பிள்ளைகள். சிலர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கு அருகிலேயே ஒண்டுக்குடித்தனமாகத் திரும்பினார்கள். இதை நன்றிகெட்டதனம் என்று சிலர் ஏசுகிறார்கள். வாடகையையும் பயணத்தையும் கூட்டிப் பார்த்து ஒரு குடும்பம் எடுத்த முடிவு அது. அரசு போட மறந்த கணக்கை அவர்கள் போட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது புதுமையான யோசனை அல்ல. இதே நகரம் ஒருமுறை செய்திருக்கிறது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் தண்ணீர், கழிவுநீர் இணைப்போடு சிறு மனைகள் பிரித்துத் தரப்பட்டன. பல வருமான நிலைகளில் உள்ளவர்களும் பக்கம்பக்கமாகக் குடியேறும்படி மனைகளின் அளவு வேறுபட்டது. அதே திட்டத்தின் இன்னொரு பகுதி, அன்றைய பல்லவன் போக்குவரத்துக் கழகத்துக்குப் பேருந்துகளும் பணிமனைகளும். மனையும் பேருந்தும் ஒரே கடனில், ஒரே திட்ட ஆவணத்தில் இருந்தன. அந்தக் காலத்தில் இந்த மனைத் திட்டங்கள் மெதுவாக நிரம்பியதால் தோல்வி என்றே பலர் எழுதினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அவை நெருக்கமான, பலதரப்பட்டவர்களும் வாழ்கிற பகுதிகளாக வளர்ந்திருந்தன. குடும்பங்கள் கையில் காசு சேரச் சேர மாடி எழுப்பி, வாடகைக்கும் விட்டிருந்தன. இன்று அரும்பாக்கத்தில் மெட்ரோ நிலையம் இருக்கிறது. நகரம் வளரும் திசையில், போக்குவரத்துக்கு அருகில் எளியவருக்கு இடம் ஒதுக்கினால், பின்னால் வரும் முதலீடுகளின் பலன் அவருக்கும் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நிலத்தின் விலை பற்றியது. நகரத்தின் நடுவில் ஒரு கிரவுண்டு விற்கிற விலையில் ஏழைக்கு வீடு கட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதன் பின்னால் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. தூரத்து நிலம் வாரியத்தின் புத்தகத்தில் மலிவாக விழுகிறது. பிறகு அங்கே போட வேண்டிய சாலை, குடிநீர்க் குழாய், பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், நட்டத்தில் ஓடும் பேருந்து எல்லாம் வேறு துறைகளின் புத்தகங்களில் செலவாகின்றன. மிச்சம் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அதை எழுதப் புத்தகமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் வித்தியாசம் பெரிதும் சுருங்கும். மேலும், நகரத்துக்குள் நிலத்தை அரசு விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பேருந்துப் பணிமனைகள், பழுதடைந்த வாரியக் குடியிருப்புகள், பழைய அரசு ஊழியர் குடியிருப்புகள் என்று அதன் கையிலேயே நிலம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை 1995-க்கும் 2007-க்கும் இடையே கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட பறக்கும் ரயில் நிலையங்கள் பலவற்றின் பிரம்மாண்டமான உட்பரப்பு பல ஆண்டுகளாகப் பாழாகவே கிடந்தது. நிலம் இல்லை என்று சொல்லும் முன் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வெள்ளம். ஆற்றங்கரையில் இருந்தவர்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகும் அங்கேயே விட்டுவைக்க முடியுமா? முடியாது, ஆற்றின் வழியில் யாரும் வாழக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கரையை விட்டு நகர வேண்டும் என்பதும் இருபத்தைந்து கிலோமீட்டர் நகர வேண்டும் என்பதும் ஒன்றல்ல. மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் இடம் தேடியிருந்தால் வேலையும் பள்ளியும் தப்பியிருக்கும். அதோடு, செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 வெள்ளம் செம்மஞ்சேரியையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளம் தேங்குகிற இடத்தில் குடிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. வீடு எங்கே இருந்தால் என்ன, அங்கே நல்ல போக்குவரத்தைக் கொண்டுபோனால் போதாதா? மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளம், 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு. அதன் ஒரு வழித்தடம் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத்தான் சிப்காட் வரை போகிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கண்ணகி நகரில் மக்கள் குடியேறிக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து முடிந்துவிட்டது. ரயில் பின்னால் வரும் என்பதை நம்பி வீட்டை முன்னால் வைத்தால், இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பை யாரும் ஈடுகட்டப் போவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல போக்குவரத்து வந்த இடத்தில் நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும். பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974 முதல் விரைவுப் பேருந்துத் தடங்களை அமைத்து, அவற்றை ஒட்டி உயரமான கட்டடங்களை அனுமதித்தது, உலகமே பாராட்டியது. ஆனால் அந்தத் தடங்களை ஒட்டிய நிலம் விலையேற, ஏழைகள் புறநகருக்கே தள்ளப்பட்டார்கள். போக்குவரத்தை மட்டும் தனியாகச் சரிசெய்தால் அதன் பலன் நிலம் வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும் என்பது அதன் பாடம்.

ரயிலுக்கு முன்னால் பேருந்து என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். லட்சம் பேருக்கு 60 பேருந்து இருப்பது நல்ல சேவை என்பது மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி சென்னைப் பெருநகரில் 86 லட்சம் பேர். அந்தத் தொகைக்கே 5,000-க்கு மேல் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம் பல ஆண்டுகள் மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகளோடுதான் சமாளித்து வந்தது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 530 கோடி ரூபாய் ஆகிறது. அந்தத் தொகைக்குச் சில நூறு பேருந்துகள் வாங்கலாம். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை வெட்டிச் செலவு என்பவர்கள் உண்டு. அந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வாடகையில் 888 ரூபாய் குறைத்தால் அதை வீட்டுவசதித் திட்டம் என்று பாராட்டுவோம். பேருந்தில் குறைந்தால் நட்டம் என்கிறோம். எனினும் இலவசம் பணத்தைத்தான் மிச்சப்படுத்தும், நேரத்தை அல்ல. கட்டணமில்லாமல் ஏறக்கூடிய வெள்ளை போர்டு பேருந்து வராத நிறுத்தத்தில் அந்தச் சலுகைக்கு மதிப்பில்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசுதான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மூன்று காரியங்கள். ஒன்று, மெட்ரோ, மின்சார ரயில் நிலையங்களுக்கும் பெரிய பேருந்து நிலையங்களுக்கும் நடந்துபோகும் தூரத்தில் உள்ள அரசு நிலத்தில் முதல் உரிமை குறைந்த வாடகை வீடுகளுக்கு என்று விதி செய்வது. ரயில் பாதையை ஒட்டித் தனியார் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்கும்போது, அந்தக் கூடுதலில் ஒரு பங்கை அங்கேயே இத்தகைய வீடுகளாக வாங்க வேண்டும். பெரிய கட்டுமானங்களிடம் உறைவிட நிதிக்குக் கட்டணம் பெறும் வழக்கம் இங்கே உண்டு. பணமாக வாங்கினால் அது கடைசியில் மலிவான தூரத்து நிலத்தைத்தான் தேடிப் போகும். இரண்டு, அந்த வீடுகளில் கணிசமானவற்றை விற்காமல் பொது வாடகை வீடுகளாகவே வைத்திருப்பது. நல்ல இடத்தில் வீடு கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற மறுப்புக்கு இதுவே பதில். வாடகை வீட்டை யாரும் விற்க முடியாது. மூன்று, முடிவெடுக்கும் இடத்தை ஒன்றாக்குவது. சிங்கப்பூர் 1971-இல் வகுத்த நகரத் திட்டம் புதிய குடியிருப்பு நகரங்களையும் அவற்றை இணைக்கும் ரயில் தடங்களையும் ஒரே வரைபடத்தில் போட்டது. முதல் ரயில் ஓடியது 1987-இல். 1966-இல் இயற்றிய நில எடுப்புச் சட்டத்தின் அதிகாரம் அதன் பின்னால் இருந்தது. அந்தக் கடுமை நமக்கு வேண்டியதில்லை. ஒரே வரைபடம் என்ற ஒழுங்கு வேண்டும். சென்னையில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றினோம். அதன் முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது. பேருந்தையும் ரயிலையும் ஒரே மேசையில் உட்காரவைக்கவே பன்னிரண்டு ஆண்டு என்றால், அந்த மேசையில் வீட்டுவசதிக்கும் ஒரு நாற்காலி போட இன்னும் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கக்கூடாது.

வீட்டையும் பயணத்தையும் கூட்டிப் பார்க்கும் கணக்கைத் தொடங்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். பொதுப்பணத்தில் கட்டப்படும் எந்தக் குடியிருப்புக்கும் ஒப்புதல் தருமுன், அங்கே குடியேறப்போகும் குடும்பங்கள் இப்போது எங்கே வேலை செய்கின்றன, புதிய இடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரமும் காசும் ஆகும், காலை ஆறு மணிக்கு எத்தனை பேருந்து உண்டு என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும்; வீட்டின் செலவோடு அந்தத் தொகையும் கூட்டப்பட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகும் தூரத்து நிலம்தான் மலிவு என்று ஓர் அதிகாரி கையெழுத்திட்டால், அதற்கான பொறுப்பு அவர் பெயரில் பதிவாகட்டும். கூட்டிப் பார்க்காமலே கையெழுத்திடும் வழக்கத்தையாவது நிறுத்துவோம்.