நாற்றங்கால் ஒன்றுதான்!

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1976-ல் இதே அரங்கில் பி.யு.சி. மாணவனாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். இன்று மேடையிலிருந்து பார்க்கும்போது எங்கள் செட் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடவே வேண்டியதில்லை. விளக்கு வெளிச்சம் எங்கே பளபளக்கிறதோ, அங்கேதான்! (சிரிப்பு)

தோல் மருத்துவன் என்ற முறையில் முடி நடும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காலையில் டிபன் சாப்பிடும்போதே ஒரு தோழன் ஆரம்பித்துவிட்டான். "ஏண்டா, என் வீட்டுக்காரிக்கு இடுப்பு வரைக்கும் முடி. அதுல ஒரு பிடி எடுத்து எனக்கு நட்டுவிடக் கூடாதா?" என்றான். விளையாட்டாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. நடக் கூடாது. மற்றவர் தோலை நம் உடல் அந்நியன் என்று கண்டுகொண்டு தள்ளிவிடும். ஆகவே இந்தச் சிகிச்சையில் கொடுப்பவரும் நீங்களே, வாங்குபவரும் நீங்களே. பின்னந்தலை கொடுக்கிறது, முன்னந்தலை வாங்குகிறது.

"பழனியில் மொட்டை போட்டால் மூன்றே மாதத்தில் வளர்ந்துவிடுகிறதே, பின்னால் எடுத்ததும் அப்படி வளர்ந்துவிடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். வளராது. மொட்டை போடும்போது மயிர்க்கால் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நாங்கள் எடுப்பது மயிர்க்காலோடு. எடுத்த இடத்தில் அது மறுபடி முளைப்பதில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு 'ஹார்வெஸ்டிங்', அதாவது அறுவடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தக் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். உங்களுக்குச் சொன்னால் புரியும், இது அறுவடை அல்ல, நாற்றுப் பறிப்பது. பின்னந்தலை நாற்றங்கால், முன்னந்தலை நடவு வயல். ஒரே வித்தியாசம், இந்த நாற்றங்காலில் மறுபடி விதை தெளிக்க முடியாது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

பின்னந்தலை முடிக்கு அப்படி என்ன விசேஷம்? ஆண்களுக்கு வரும் வழுக்கையில் உச்சியிலும் நெற்றியிலும் உள்ள மயிர்க்கால்கள் ஹார்மோன் தாக்கத்தால் வருடத்துக்கு வருடம் சுருங்குகின்றன. இரண்டு காதுகளுக்கும் இடையே பின்னால் ஓடும் பட்டை மட்டும் பெரும்பாலும் அசைந்து கொடுப்பதில்லை. எண்பது வயதுத் தாத்தாவுக்கும் அந்த வளையம் மிச்சமிருக்கும். நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952-ல் அங்கிருந்து எடுத்து வழுக்கையில் நட்டுப் பார்த்தார். 1959-ல் அதை வெளியிட்டார். பின்னாலிருந்து வந்த முடி, வந்த இடத்தின் குணத்தையே வைத்துக்கொண்டு வளர்ந்தது. வழுக்கைத் தோலைப் பின்னால் கொண்டுபோய் வைத்தபோது அது வழுக்கையாகவே இருந்தது. அதற்கு முன்பே, 1939-ல், ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் முடி இழந்த தழும்புகளில் இப்படி நட்டு எழுதியிருக்கிறார். யுத்தம் வந்துவிட்டதால் மேல்நாட்டாருக்கு அது தெரியாமலே போயிற்று.

நான் கற்றுக்கொண்டதும் ஓரென்ட்ரைக் வழிதான். 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பஞ்ச், அதாவது வட்டக் கத்தி. பின்னந்தலையில் அதை வைத்துத் திருகினால் ஒரு வட்டத்தோல் பத்துப் பதினைந்து முடியோடு வரும். அதை முன்னால் நடுவோம்.

1993-ல் ஓர் இளைஞர் வந்தார். வயது 23. வங்கி வேலை. நெற்றியின் இரு ஓரமும் ஏறத் தொடங்கியிருந்தது. கூட வந்த தாயார், "தம்பி, தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம், பார்த்துச் செய்யுங்க" என்றார். இரண்டு தடவையாக 120 வட்டங்கள் எடுத்து முன்வரிசையில் நட்டேன். நன்றாக முளைத்தது. கல்யாணப் பத்திரிகை வந்தது, போட்டோ வந்தது. எனக்கும் பெருமை.

2005-ல் அவர் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நான் நட்டது அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த அவருடைய சொந்த முடி அத்தனையும் போய்விட்டது. வெறும் தலையின் முன்பக்கத்தில், பொம்மைக்குத் தைத்த மாதிரி கொத்துக் கொத்தாய் ஒரு வரிசை. பின்னந்தலையில் வெள்ளை வெள்ளையாய் வட்டத் தழும்புகள். அவர் சண்டை போடவில்லை. "டாக்டர், வச்சதை எடுத்துட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் அவருடைய அப்பா வராந்தாவில் முண்டாசு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயா, அந்தத் துண்டைக் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்க" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்பாவும் தாய்மாமனும் எப்படி இருக்கிறார்கள், இந்தப் பையன் தலை நாற்பது வயதில் எப்படி இருக்கும், அன்றைக்கு நாற்றங்காலில் என்ன மிச்சமிருக்கும்? எதையும் நான் கேட்கவில்லை. தை மாதத்தைப் பார்த்தேன், தலையைப் பார்க்கவில்லை. பிறகு சில கொத்துகளை எடுத்துப் பிரித்து, ஒற்றை முடியாக நட்டு ஓரளவு சரிசெய்தேன். ஓரளவுதான்.

இப்போது முறைகள் எவ்வளவோ மாறிவிட்டன. முடி தோலில் தனித்தனியாக இல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு என்று சேர்ந்து ஒரே துளையிலிருந்து வருகிறது. அந்தச் சிறு தொகுதியைக் கலைக்காமல் அப்படியே எடுப்பதுதான் இன்றைய முறை. இதில் இரண்டு வழி.

ஒன்று, பட்டை எடுப்பது. நோயாளி குப்புறப் படுத்திருப்பார். மயக்கம் கொடுப்பதில்லை, மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி. ரத்தக் கசிவு குறைய அட்ரினலின் சேர்ப்போம். உப்பு நீர் செலுத்தித் தோலை உப்பவைத்தால் அடியிலுள்ள நரம்பும் ரத்தக்குழாயும் தள்ளி நிற்கும். பிறகு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் நீளமாகத் தோல் பட்டையை எடுத்துத் தைத்துவிடுகிறோம். கத்தி, முடி சாய்ந்திருக்கும் அதே சாய்வில் போக வேண்டும். நேராக இறக்கினால் ஒரு வரிசை மயிர்க்கால்களே அறுபட்டுவிடும். எடுத்த பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பார்கள். டெக்சாஸ் மருத்துவர் பாபி லிம்மர் 1994-ல் விவரித்த வழி இது. பின்னந்தலையில் ஒரு கோடு போலத் தழும்பு நிற்கும். முடி வளர்த்தால் மறையும். ஒட்ட வெட்டினால் தெரியும்.

மற்றது எஃப்.யு.இ. ராஸ்மன், பெர்ன்ஸ்டீன் குழுவினர் 2002-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது. பின்னந்தலையை ஒட்ட மழித்துவிட்டு, ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள பஞ்சினால் ஒவ்வொரு தொகுதியையும் சுற்றி வெட்டி, இடுக்கியால் மெல்ல இழுப்பது. பார்க்க எளிது. செய்வது கஷ்டம். வெளியே முடி ஒரு சாய்வில் நிற்கும். தோலுக்குள் வேர் வேறு சாய்வில் போகும். கை கொஞ்சம் பிசகினால் வேர் அறுந்துவிடும். வேர் அறுந்த நாற்றை நட்டு என்ன பயன்? எடுத்ததை உலரவிடாமல் குளிர்ந்த உப்பு நீரில் போட்டு, சீக்கிரம் நட்டாக வேண்டும்.

"தையல் இல்லை, தழும்பே இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். 2500 எடுத்தால் 2500 சிறு புள்ளித் தழும்புகள். பரவலாக, அளவாக எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. பேராசைப்பட்டு நெருக்கி எடுத்தால் பின்னந்தலை ஆடு மேய்ந்த நாற்றங்கால் மாதிரி ஆகிவிடும். பாதிக்கு மேல் குறைந்துவிட்டால் எந்தச் சீப்பும் அதை மறைக்காது.

கணக்குப் பிரியர்களுக்காக ஒரு கணக்கு. முற்றிய வழுக்கை ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு 40 தொகுதி நட்டால்கூட 8000 வேண்டும். பெரும்பாலோருக்குப் பின்னந்தலை ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பத்திரமாகக் கொடுக்கக் கூடியது 5000, 6000. வரவைவிடச் செலவு அதிகம். ஆகவே எங்கே நடுவது, எங்கே விடுவது, நாளைக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று திட்டம் போடுவதுதான் மருத்துவரின் வேலை. 22 வயதில் வந்து, பத்தாம் வகுப்பு போட்டோவைக் காட்டி, "நெற்றியை இங்கே இறக்குங்க சார்" என்றால், நல்ல மருத்துவர் காத்திருக்கச் சொல்வார். இருக்கிற முடியைக் காக்க மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகள் உண்டு. அவற்றையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு. இது அழகு நிலைய வேலையல்ல, அறுவை சிகிச்சை. மணிக்கணக்கில் நடக்கும். மரத்துப்போகும் ஊசிக்கே உடல் எடைக்குத் தக்க அளவு உண்டு. மீறினால் இதயத்தைத் தாக்கும். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்யலாம். யூடியூப் பார்த்தோ ஒரு பயிலரங்கில் உட்கார்ந்தோ கற்றது போதாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே போகிற இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். எடுக்கப் போவது யார், டாக்டரா, வேறு ஆளா? எத்தனை எடுப்பீர்கள்? எடுத்தபின் பின்னால் எத்தனை மிச்சம்? எனக்கு இன்னும் கொட்டினால் என்ன செய்வீர்கள்? நீங்கள் கேட்பதற்கு முன்பே அப்பாவைப் பற்றியும் தாய்மாமனைப் பற்றியும் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். விசாரித்தால் உட்காருங்கள். "இன்னிக்கே பண்ணிடலாம், தள்ளுபடி இருக்கு" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

2005-லிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் முதலில் திரும்பி உட்காரச் சொல்கிறேன். பின்னந்தலையைப் பார்த்த பிறகுதான் நெற்றியைப் பார்ப்பேன். அந்த வங்கி இளைஞர் எனக்குக் கற்றுத் தந்த பாடம் அது. விலை கொடுத்தவர் அவர்.

காலையில் கேட்ட தோழனுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. "டேய், உன் தலையில நடுறதுக்கு இடம் தாராளமா இருக்கு, நாற்றுதான் இல்லை. இந்த வயசுக்கு இதுவே அழகு, விடு!" (பலத்த சிரிப்பு)