பத்துமலையும் அதன் அண்டைக் குடியிருப்புகளும்

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்துமலை என்றவுடன் குகைக் கோயிலும் 272 படிகளும் கண்முன் தோன்றுதல் இயல்பு. அம்மலையின் அடிவாரம் ஒரு காலத்தில் காடு சூழ்ந்த சிற்றூராக விளங்கியதை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும்.

'பத்து' என்பது இங்கே எண்ணைக் குறிப்பதன்று. மலாய் மொழியில் அது கல்லைக் குறிக்கும். அருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரே மலைக்கும் ஊருக்கும் அமைந்தது.

தெமுவான் பூர்வகுடியினர் இக்குகைகளில் தங்கினர். 1860ஆம் ஆண்டு வாக்கில் சீனக் குடியேறிகள் தங்கள் காய்கறித் தோட்டங்களுக்கு எருவாக வௌவால் எச்சத்தை இங்கிருந்து தோண்டி எடுத்தனர். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே இங்கு வந்து சென்றபின், வெளியுலகம் இம்மலையை அறியலாயிற்று.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை 1873இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளை அவர்களே குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 1920இல் மரப்படிகளும் 1940இல் கற்காரைப் படிகளும் அமைந்தன. சுற்றுவட்டாரத் தோட்டப் பாட்டாளிகளும் செந்தூல் இரயில்வே பணிமனைத் தொழிலாளரும் தம் சிறு வருவாயிலிருந்து காணிக்கை செலுத்தி இத்திருவிழாவை வளர்த்தனர்.

1948இல் அவசரகாலம் பிறந்தது. புறம்போக்கு நிலங்களில் வாழ்ந்த சீனர்கள் நாடெங்கும் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். பத்துமலையிலும் அத்தகைய புதுக்கிராமம் ஒன்று உண்டு. தமிழர் குடியிருப்பும் மலாய்க் கம்பங்களும் அதன் அண்டையில் வளர்ந்தன. கல்லுடைப்புக் குவாரிகள் பல்லாண்டுகள் மலையின் பக்கங்களை அரித்தன. அத்தொழில் நிறுத்தப்பட்டமையால் மலை பிழைத்தது.

2006இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. 2010இல் கொமுட்டர் மின்ரயில் வந்தது. தோட்டங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் நிறைந்துவிட்டன. ஆயினும், காவடி எடுப்போர் நீராடித் தூய்மை பெற நாடியது சுங்கை பத்து ஆற்றையே.

அந்த ஆறு பக்தர்களுக்கு மட்டும் உரியதன்று. கரையோரக் குடியிருப்புகள் அனைத்திற்கும் உரியது. நீராடியபின் ஆற்றில் ஆடையும் பூமாலையும் நெகிழிப் பையும் வீசிச் செல்வது அண்டை வீட்டாரின் முற்றத்தில் குப்பை கொட்டுவதற்கு ஒப்பாகும். வேண்டுதல் நிறைவேற்றித் திரும்பும் அன்பர் ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்த பொருளைத் தம்முடனே எடுத்துச் செல்வாராயின், மலைக்குப் பெயர் தந்த ஆறு வாழும். அண்டை அயலாரின் நல்லெண்ணமும் கோயிலுக்குத் துணை நிற்கும்.

முருகன் திருவருள் முன்னிற்க!